தேக்கா சிநேகிதியின் அறை

பிப்ரவரி 12, புதன்

அரசாங்க வாடகை வீட்டு அலுவலகத்தில் இருந்த பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, எது எப்போ நடந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க. திரும்பக் கேட்டா தடுமாறாம சொல்லலாம்." அதனால்தான் இந்த நோட்டு. யாராவது அதிகாரி இதைப் படிக்க நேர்ந்தால், வணக்கம். என் பெயர் பவளக்கொடி. வயது ஐம்பத்தொன்பது. தோ பாயோவில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். புருஷன் என்று ஒருவர் இருந்தார். பாத்தாம் தீவுக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான், பிறகு கோர்ட்டு வழியாகவும் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. செங்காங்கில் தம்பி கதிரேசன் வீட்டு ஹாலில் படுக்கிறேன்.

அந்த வீட்டைத் தம்பி விற்கப் போகிறான். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தரகர் வந்து ஹாலைப் படம் எடுக்கும்போது என் பாயைச் சுருட்டி மறைவாக வைக்கச் சொன்னார். அப்போது தெரிந்துகொண்டேன். அவர்கள் வாங்கப் போவது சின்ன வீடு. பிரசவத்துக்கு மகள் வேறு வருகிறாள்.

ஆகவே அரசாங்க வாடகை வீட்டுக்கு எழுதிப் போடப் போனேன். அங்கே ஒரு புதுக் குண்டு. "தனி ஆளுக்கு வீடு கிடையாது ஆன்ட்டி. ரெண்டு தனி ஆளுங்க சேர்ந்து ஒரு வீடு கேட்கணும். தெரிஞ்சவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி நாங்களே யாரையாவது சேர்த்து விடுவோம்."

யாரையாவதா! ஒரே அறை. கதவைச் சாத்தினால் அந்த யாரோவும் நானும். அவள் குடிகாரியாக இருந்தால்? கத்தி எடுத்தால்?

பக்கத்துக் கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு அம்மா இதே விஷயத்துக்கு இரைந்துகொண்டிருந்தார். "அறுபத்து மூணு வயசுல எனக்கு ஜோடி தேடச் சொல்றீங்களா? கட்டினவனையே தேட மாட்டேன்னு விட்டவ நான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கிற மாதிரி.

"ஏம்மா, நீ குறட்டை விடுவியா?"

"தெரியலையே. தூங்கும்போது நான் கேட்டதில்ல."

"நான் விடுவேன். இழுப்பு வேற இருக்கு. சாம்பிராணி போட்டா கதவைத் திறந்து வைக்கணும்."

"மாட்டுக்கறி?"

"வீட்டுல சமைக்க மாட்டேன். கடையில சாப்பிட்டுட்டு வந்தா நீ கேட்கக் கூடாது."

அவர் பெயர் ஜுலைகா பீவி. தகப்பனார் கடையநல்லூர். பிடோக்கில் ஒரு மலாய்க்கார அம்மாள் வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வெளியே வந்து கோப்பி குடிக்கும்போதுதான் ஒருவர் பெயரை ஒருவர் சரியாகக் கேட்டுக்கொண்டோம். ஒரு உறையில் இரண்டு கத்தி. ஆண்டவன் விட்ட வழி.

மார்ச் 9, ஞாயிறு

பட்டியலில் எங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது கடிதம் வரும் ஆன்ட்டி." மழையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தம்பி மகளுக்கு ஆண் குழந்தை. ஹாலில் தொட்டில். நான் சமையலறைப் பக்கம் பாயை மாற்றிக்கொண்டேன். குழந்தை நல்ல சிவப்பு.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வடை பாயசம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது தம்பி பெண்டாட்டி தமயந்தி தன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். "அவங்களாப் போனா நல்லது, நாம எப்படிம்மா வாயைத் திறந்து சொல்றது?"

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் மூன்று வருஷம் இருந்துவிட்டேன்.

மாலையில் தம்பியிடம் சொன்னேன். "கதிரேசா, தேக்காவுல ஒரு சிநேகிதி ரூம்ல இடம் இருக்காம். வீடு கிடைக்கிற வரைக்கும் அங்க இருக்கலாம்னு பார்க்கிறேன்."

"எதுக்குக்கா? இங்கேயே இருக்கலாமே" என்றான். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டான். பாரத்தை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு. அதைக் கேட்ட பிறகு எப்படி இருப்பது?

சிநேகிதி நல்லவள். பெயரை இங்கே எழுத வேண்டாம், வாடகைக்கு ஆள் வைத்திருப்பது அவள் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது.

ஏப்ரல் 17, வியாழன்

சிநேகிதி அறை வசதிதான். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.

பெரிய பையைச் சலவைக் கடையில் முதலாளியம்மாவிடம் கேட்டு, துணி தொங்கும் கம்பிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அறையில் இடம் பற்றாது என்று சொன்னேன். அவர் சீனர், அதிகம் கேட்பதில்லை. என் துணிகளையும் அங்கேயே துவைத்துக்கொள்கிறேன். இஸ்திரி போட்ட சட்டையோடுதான் எங்கும் போகிறேன். பவளக்கொடியைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஏப்ரல் 28, திங்கள்

தம்பி வீடு இன்னும் விலை போகவில்லை, கடிதம் அந்த விலாசத்துக்குத்தான் வரும். விலாசத்தை மாற்றினால் கேள்வி கேட்பார்கள், கேள்வி கேட்டால் பட்டியலில் பின்னால் தள்ளிவிட்டால்? அதனால் வேலை முடிந்ததும் செங்காங் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். அந்தச் சாவியைத் தமயந்தி திரும்பக் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மேலே போவதில்லை. குழந்தை தூங்குகிற நேரம்.

மே 15, வியாழன்

செருப்பு போய்விட்டது. சிநேகிதி அறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். விடிந்து பார்த்தால் இல்லை. பழைய செருப்பு, எவனுக்கு என்ன லாபமோ, அவன் காலில் முள் தைக்க.

வெறுங்காலோடு ரயிலேறினேன். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என் காலையே பார்த்தாள். காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பொருள் போனது பெரிதில்லை. நான் படுத்திருக்கும்போது ஒருவன் என் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்திருக்கிறான். அதையே நினைத்துக்கொண்டு இஸ்திரி போட்டேன். இன்று ஒரு சட்டையின் கழுத்தைக் கருக்கிவிட்டேன்.

மே 16, வெள்ளி

புதுச் செருப்பு வாங்கினேன். இனி கழற்றுவதாக இல்லை. காலோடு வைத்துக்கொண்டே படுத்தேன். கோயிலுக்குப் போனால் பையில் போட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் உணவங்காடிக் கழிவறையில் பல் துலக்கி முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சிநேகிதி அறையில் குழாய் ரிப்பேர். வெளியே வந்தால் ஒரு போலீஸ்காரப் பையன். "ஆன்ட்டி, ஓகேயா? வீடு எங்க?" அடையாள அட்டையைக் கேட்டான். தம்பி வீட்டு விலாசத்தைப் பார்த்தான். "இவ்வளவு காலையில இங்க என்ன?" என்றான்.

"வேலைக்கு வந்தேன் தம்பி. இஸ்திரி."

"ஞாயித்துக்கிழமையா?"

சட்டைக் கையை நீவிவிட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான், அட்டையைக் கொடுத்துவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை காப்பாற்றியது.

போன வருஷம் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு கிழவி படுத்திருப்பாள். ஒரு நாள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நல்ல இடம், மூன்று வேளை சாப்பாடு, டாக்டர் எல்லாம் உண்டு என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவள் பால் டப்பாவில் வளர்த்த கறிவேப்பிலைச் செடி அங்கேயே நின்று காய்ந்தது. அவள் அதை எடுக்க வரவே இல்லை. அப்படி ஒரு இடத்துக்குப் போனால் யார் வெளியே விடுவார்கள்? எனக்கு ஒரு கதவு வேண்டும், சாவி என் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் என்னை யாரும் ஏற்றிக்கொண்டு போய்விடக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

படுக்கிற இடத்தை மாற்றினேன். சிநேகிதி வேறு அறைக்கு மாறிவிட்டாள் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜுலைகாக்கா கடைக்கு வந்தார், நெய்ச்சோறு கொண்டுவந்தார். அவருக்கும் கழுத்தில் கத்தி. மலாய்க்கார அம்மாளின் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறானாம், ஜூலை கடைசிக்குள் அறையை விட வேண்டுமாம்.

"உனக்கென்ன பவளம், தம்பி வீடு இருக்கு. ராஜாத்தி. நான்தான் பெட்டியைத் தூக்கிட்டு எங்க போவேனோ."

"கிடைச்சிரும்க்கா" என்றேன். நெய்ச்சோற்றை நின்றுகொண்டே எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. "மெதுவா, மெதுவா. உன் தமயந்தி சோறு போடறதில்லையா?" என்று கேலி செய்தார். தமயந்தி நன்றாகச் சமைப்பாள் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது! தபால் பெட்டிக்கு முன்னாலேயே நின்று பிரித்தேன். தோ பாயோவில் ஓரறை வீடு. ஏழாவது மாடி. ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலை இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். வராவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவர்களுக்குப் போகும், நாங்கள் மறுபடி காத்திருக்க வேண்டும்.

முருகா, முருகா என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். லிஃப்டில் ஏறப் போன ஒருவர் ஒதுங்கிப் போனார்.

ஜூலை 9, புதன்

இன்று கடையில் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். ஜூலை இருபத்திரண்டு, ஆடி ஆறு.

ஆடியில் யாராவது குடி போவார்களா?

மூட நம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்லிவிட்டுப் போகலாம். நான் பட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் தனிக்குடித்தனம் போனது ஆடியில். அவருக்கு அவசரம், கேட்கவில்லை. தீபாவளிக்குள் அவர் பாத்தாம் போய்விட்டார். பிறகு ஜூரோங்கில் ஒரு அறை, அதுவும் ஆடி, அந்த வீட்டுக்காரர் கடனில் முழுகி வங்கி வந்து பூட்டியது. தம்பி வீட்டுக்கு வந்தது என்ன மாதம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அதுவும் ஆடிதான். அன்றைக்கு எண்ணியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன்.

மூன்று வீடு போய்விட்டது. இது நாலாவது, ஐந்தாவது கிடையாது எனக்கு. இதுதான் கடைசி.

ஜூலை 10, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் அலுவலகத்தில் கேட்டேன். ஆடி பிறப்பதற்கு முன்னால் தர முடியுமா? சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், முடியாது. சரி, ஆவணி? ஆகஸ்ட் பதினெட்டு?

அதே பெண்தான், முன்பு நோட்டு எழுதச் சொன்னவள். தமிழ்ப் பெண், பெயர் அட்டையில் தர்ஷினி. முகம் வாடிவிட்டது அவளுக்கு. "ஆன்ட்டி, தள்ளி வைக்கலாம். ஆனா இந்த வீட்டை உங்களுக்காக ஒரு மாசம் சும்மா போட்டு வைக்க முடியாது. அடுத்தவங்களுக்குப் போயிடும். உங்களுக்கு வேற வீடு வரும்போதுதான். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேன்."

"எங்க பாட்டியும் இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டாள். "பதிஞ்சு வைக்கிறேன். மனசு மாறினா இருபத்தொண்ணாந்தேதிக்குள்ள ரெண்டு பேரும் வந்து சொல்லணும்."

வெளியே வந்த பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சரியாகச் செய்தேனா, தவறாகச் செய்தேனா? ஜுலைகாக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் தொலைபேசிக்கும் செய்தி போயிருக்கிறது. நான் அதை யோசிக்கவே இல்லை.

ஜுலைகாக்கா கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் மணி அறுந்து விழுந்தது. "ஏட்டி! யாரைக் கேட்டுத் தள்ளி வச்சே? நான் செத்துப் போயிட்டேனா?"

"ஆடிக்கா..."

"ஆடியாவது கோடியாவது! முப்பத்தொண்ணாந்தேதி என் பெட்டி ரோட்டுக்கு வருது. உன் ஆடி வந்து தூக்குமா?" மூச்சு வாங்கியது. மருந்தை வாயில் வைத்து இழுத்தார். முதலாளியம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்சம் ஆறிய பிறகு ஜுலைகாக்காவே ஒரு வழி சொன்னார். நல்ல வழி. அதுதான் கஷ்டம்.

"இங்க பாரு. ஆடி உனக்குத்தான், எனக்கில்ல. கையெழுத்துப் போடு, சாவியை வாங்கு. நான் முதல்ல போறேன். நீ ஆவணி பிறக்கிற வரைக்கும் தம்பி வீட்டுலயே இரு. நல்ல நாள் பார்த்து, பாலைக் காய்ச்சு, மேளத்தோட வேணாலும் வா. நான் ஆலாத்தி எடுக்கிறேன். சரியா?"

நான் ஒரு கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததை மறுபடி பிரித்தேன்.

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது? ஒரு மாசம்தானே?"

"முடியாதுன்னா முடியாது."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்கூட ஒரே வீட்டுல இருக்கப் பிடிக்கலேன்னா நேராச் சொல்லியிருக்கலாம் பவளம். துலுக்கச்சின்னு உன் ஆளுங்க யாராச்சும் சொன்னாங்களா? அதுக்கு ஏன் ஆடியை இழுக்கிறே."

இல்லை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அப்படியானால் ஏன் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, வாயில் வராது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய்விட்டார். ஆடி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் இது.

ஜூலை 18, வெள்ளி

விடியற்காலையில் பேய்க்காற்று, மழை. சிநேகிதி அறைக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், அட்டைப் பெட்டி எம்மாத்திரம்? தூணுக்குப் பின்னால் நின்றும் நனைந்துவிட்டேன். இந்த நோட்டும் ஒரு ஓரம் ஊறிவிட்டது, அதனால்தான் இங்கே எழுத்து பரவியிருக்கிறது.

கடையில் தும்மிக்கொண்டே இருந்தேன். முதலாளியம்மா சுடுதண்ணீர் கொடுத்தார். என் தலைமுடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துக் குப்பையில் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயம், ஏன் கேட்கவில்லை என்றும் ஒரு ஆத்திரம். எனக்கே என்னைப் புரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். அதிகாரி படித்தாலும் படிக்கட்டும்.

கோயிலில் அன்னதானம் முடிந்து வெளியே வந்தேன். செருப்பு வைக்கும் இடத்தில், வெயிலில், முக்காட்டோடு ஜுலைகாக்கா நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் போய், கைப்பையைத் திறந்து, செருப்பை எடுத்துக் கீழே போட்டேன்.

"கோயிலுக்குள்ள செருப்பைப் பையில வச்சுக்கிட்டா போற?"

"தொலைஞ்சிரும்க்கா."

"நேத்து உன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். உன்னைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்கலாம்னு. உன் தமயந்தி டீ போட்டுக் கொடுத்தா. நீ அங்க இல்லையாமே. சித்திரையிலேயே போயிட்டியாமே. தேக்காவுல யாரோ சிநேகிதி ரூம்ல இருக்கியாம். ஞாயிறானா இந்தக் கோயிலுக்கு வருவேன்னும் அவதான் சொன்னா."

"ஆமா."

"அவ பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். ஒரு பெயர் வரவில்லை. எத்தனை பெயர் இருக்கிறது உலகத்தில்! இவ்வளவு நாள் அவளோடு இருந்திருக்கிறேன், அவளுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை எனக்கு.

"எங்க படுக்கிறே பவளம்?"

சொல்லிவிட்டேன். முதலில் தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே வெற்றுத்தளத்தில், கல் மேசைக்குப் பின்னால் கல் பெஞ்சில். போலீஸ்காரப் பையன் பார்த்த பிறகு வேறொரு புளோக். மழை வந்தால் தூணுக்குப் பின்னால். அட்டைப் பெட்டி, அதன்மேல் பாய். அவ்வளவுதான். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜுலைகாக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி மவளே! கல்லு பெஞ்சியில கிடந்துக்கிட்டா ஆடி பார்த்தே? ஆண்டவன் வீட்டைக் கையில கொண்டாந்து வைக்கிறான், வேணாங்கிறியே, உனக்குப் பைத்தியமா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. வாசல் என்றும் பார்க்கவில்லை, ஜனம் என்றும் பார்க்கவில்லை. "அதனாலதாங்க்கா பார்க்கிறேன்! உங்களுக்கென்ன தெரியும்? மூணு தடவை போயிருச்சு எனக்கு. இதுவும் போயிட்டா? மறுபடி அந்தப் பெஞ்சுதான். கிடைக்காம அங்க கிடக்கிறது வேற, கிடைச்சு, கதவைச் சாத்தித் தூங்கிப் பார்த்துட்டு மறுபடி அங்க போய்க் கிடக்கிறது வேற. என்னால முடியாது. நீங்க மேல கதவைச் சாத்தித் தூங்க, சாவியோட ஒரு மாசம் கீழ கிடக்கவும் முடியாது. எனக்குப் பயமா இருக்கு. தெனம் பயமா இருக்குக்கா."

இதைச் சொன்னவள் நான்தானா என்று இருந்தது. பூ விற்கிற அம்மாள் கையில் சரத்தோடு எங்களையே பார்த்தாள்.

ஜுலைகாக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்துச் சந்துக்கு இழுத்துப் போனார். ஒரு தேநீர்க் கடையில் தே வாங்கிக் கொடுத்தார். அவருக்கு மூச்சு கொர்கொர் என்று இழுத்தது. பிறகு கேட்டார்.

"உங்க சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஒண்ணு சொல்லு. ஆடியில என்ன கூடாது?"

"வீடு மாறக் கூடாது."

"வீடு மாறுறதுன்னா ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போறது."

"ஆமா."

"நீ எந்த வீட்டை விட்டுட்டு வரப் போறே?"

அவர் என் கையில் இருந்த தே குவளையை வாங்கிக் கீழே வைத்தார். அழுதேன். தம்பி வீட்டை விட்டுக் கிளம்பின அன்றுகூட நான் அழவில்லை. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, முக்காட்டின் நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சீ, நல்ல துணி" என்று திட்டினார்.

ராத்திரிக்குப் பிடோக்குக்கு அழைத்துப் போய்விட்டார். மலாய்க்கார அம்மாள் முகத்தைச் சுளித்தாலும் தலையணை கொடுத்தாள்.

ஜூலை 21, திங்கள்

முதலாளியம்மாவிடம் அரை நாள் கேட்டுவிட்டு அலுவலகம் போனோம். தர்ஷினி எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். "மனசு மாறிடுச்சா ஆன்ட்டி?" கணினியில் எதையோ தட்டினாள். "வீடு இன்னும் யாருக்கும் போகல. நல்லவேளை." பிறகு, தலையைத் தூக்காமலேயே: "விலாசம் ஒருதடவை சரிபார்த்துடலாம். இப்போ செங்காங்கில தம்பி வீட்டுலதானே இருக்கீங்க?"

ஆமா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பக்கத்தில் ஜுலைகாக்கா என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

வேன் ஞாபகம் வந்தது. பால் டப்பாச் செடி ஞாபகம் வந்தது. "இல்லம்மா" என்றேன். "எனக்கு இப்போ வீடு இல்ல. புளோக்குக்குக் கீழ படுக்கிறேன்."

தட்டுவது நின்றது. அவ்வளவுதான், யாரையோ கூப்பிடப் போகிறாள் என்று நினைத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எழுந்து போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு குவளை மைலோ இருந்தது. என் முன்னால் வைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. இதுக்கு முன்னாடியே பார்த்திருப்போமே."

பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

"நாளைக்குப் பத்து மணி. ரெண்டு பேரும். மறந்துடாதீங்க."

ஜூலை 22, செவ்வாய்

ஆடி ஆறு. ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும்.

ஏழாவது மாடி. தாழ்வாரத்தின் கடைசிக் கதவு. சுவர்ச் சாயத்தின் வாசனை. ஜன்னலிலிருந்து ரயில் போவது தெரிகிறது. சாவியை யார் போடுவது என்று தாழ்வாரத்திலேயே ஒரு தகராறு. கடைசியில் ஜுலைகாக்கா பிஸ்மி சொல்லித் திறந்தார், நான் வலது காலை வைத்து முதலில் நுழைந்தேன். அவர் இடது காலை வைத்துவிடக் கூடாதே என்று பின்னால் திரும்பிக் கத்தினேன். "எங்களுக்கும் வலதுதான்டி!" என்று அவரும் கத்தினார்.

தேக்காவில் வாங்கின புது அலுமினியச் சட்டியில் பால் காய்ச்சினோம். பொங்கி வழியும்போது ஜுலைகாக்கா அடுப்பை அணைக்கப் பாய்ந்தார். விடுங்க, வழியணும் என்றேன். "நல்ல பாலு, நாளைக்கு நீயே துடை" என்றார்.

சுவரோரம் சாம்பிராணியை வைத்தேன், ஏற்றவில்லை. ஜன்னல் பக்கம் அவர் பாய், கதவுப் பக்கம் என் பாய். கதவுப் பக்கம் வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

கதிரேசன் தொலைபேசியில் அழைத்தான். ஜுலைகாக்கா வந்து போனதைத் தமயந்தி சொல்லியிருப்பாள். "அக்கா" என்றான். "நல்ல வீடுடா, ஒரு நாள் குழந்தையைத் தூக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நானே வைத்துவிட்டேன்.

படுத்த பிறகு தாழ்ப்பாள் போட்டேனா என்று எழுந்து பார்த்தேன். போட்டிருந்தது. மறுபடி எழுந்தேன். மறுபடியும்.

"எத்தனை தடவை பூட்டுவே? படுடி."

"கீழ யாராச்சும் வந்தா..."

"இது ஏழாவது மாடி. கீழ இல்ல. படு."

பிறகு அவர் குறட்டை ஆரம்பித்தது. அன்றைக்குக் கவுண்டரில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தம் பெரிய துணை. ஆனாலும் கண் மூடவில்லை. காலில் என்னவோ குறைந்த மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன என்று புரிய வெகுநேரம் ஆயிற்று. செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்திருக்கிறேன்.

எழுந்து போய் எடுத்து வந்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 23, புதன்

விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் கதவைத் திறந்து பார்த்தேன். ஜுலைகாக்கா செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பு அப்படியே இருந்தது.